ரவுண்ட்ரீயின் சிறைத் தீர்ப்பு

நினைவு அமர்வில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பைக் குடும்பத்தின் ஒப்புதலுக்காக நீதிமன்றத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். இமோஜீன் ரவுண்ட்ரீ சாப்பாட்டு மேசையில், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து அதைப் படித்தார். இரண்டாவது பத்தியில் பென்சிலை எடுத்து ஒரு தொடரை அடித்தார். 'ஊர் மக்களின் ஆதரவுடன்' என்பது அந்தத் தொடர்.

"ஆதரவாம் ஆதரவு!" என்றார் எதிரில் இருந்த விண்டனிடம். "இந்த மார்ஷ்டன் ஊர்ல எங்களுக்கு ஆதரவா இருந்தது எங்க வீட்டு நாய் ஒண்ணுதான். அதையும் விஷம் வச்சுக் கொன்னாங்க."

விண்டன் கிரீர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தட்டிலிருந்த கோழி சாலடைக் கிளறினான். ஐம்பதை நெருங்கிய வக்கீல். அட்லாண்டாவில் அவன் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். ஆனால் இந்த வீட்டில் அவன், படிப்பு முடிந்த கையோடு லாசனிடம் சட்ட உதவியாளனாக வந்து சேர்ந்த அதே விண்டன்தான்.

லாசன் ரவுண்ட்ரீ இமோஜீனின் தம்பி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தெற்கு ஜார்ஜியாவில் ஃபெடரல் கோர்ட் நீதிபதியாக இருந்து, போன குளிர்காலத்தில் காலமானவர். அவர் உட்கார்ந்திருந்த அதே கூடத்தில் மறுநாள் காலை நினைவு அமர்வு. படம் திறக்கப் போகிறார்கள். ஆற்றங்கரையில் எழும்பிக்கொண்டிருக்கும் புதிய நீதிமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைக்க வாஷிங்டனில் மசோதாவும் போட்டாகிவிட்டது. இளமையில் மனைவியை இழந்த தம்பிக்கு வீடு நடத்தி, தான் மணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்ட இமோஜீனுக்கு, எண்பத்து நாலு வயதில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. வாசல் கல்லில் ரவுண்ட்ரீ என்ற பெயர் ஏற வேண்டும், அது பொய்யில்லாமல் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

பொய்க்குத் தேவையும் இருக்கவில்லை. லாசன் எழுதிய தீர்ப்புகள் அப்படிப்பட்டவை. ஆற்றில் கழிவைக் கொட்டிய காகித ஆலையை, கொட்டுவதை நிறுத்தும்வரை பூட்டி வைக்கும்படி உத்தரவு போட்டார். பாதி ஊர் அந்த ஆலையில்தான் பிழைத்தது. அடுத்த ஞாயிறு மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் அக்காவும் தம்பியும் போய் உட்கார்ந்ததும், அந்த வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். முடிவெட்டுபவன் காலி நாற்காலியைக் காட்டி, "ஆள் வருது ஜட்ஜ்" என்றான். அன்று முதல் லாசனுக்கு முடி வெட்டியது இமோஜீன். பிறகு வந்தது கவுண்டி எனப்படும் அந்த மாவட்டத்தின் தேர்தல் வழக்கு. ஒரு கருப்பர்கூடக் கவுண்டி சபைக்குள் வர முடியாதபடி மொத்தக் கவுண்டியையும் ஒரே தொகுதியாக வைத்திருந்த ஏற்பாட்டை லாசன் உடைத்துத் தொகுதி தொகுதியாகப் பிரித்தார். நாய் செத்தது அந்த வாரம்.

எல்லாவற்றுக்கும் மேலானது சிறைத் தீர்ப்பு. கவுண்டி ஜெயிலைப் பற்றிய வழக்கில் சாட்சி சொன்னதை மட்டும் நம்பாமல், கொளுத்தும் வெயிலில் லாசன் தனியாக அங்கே போனார். ஜன்னல் இல்லாத அறைக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லி, பொழுது சாயும்வரை இருந்துவிட்டு வந்தார். பிறகு, மிருகத்தை வைக்கத் தகாத இடத்தில் மனிதனை வைக்கச் சட்டம் இடம் தராது என்று எழுதி, கவுண்டிப் போலீசுக்குத் தலைவரான ஷெரீப்பை அந்த ஜெயிலைக் காலி செய்ய வைத்தார். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அது பாடம்.

"இந்த இடம் நல்லா வந்திருக்கு" என்று இமோஜீன் குறிப்பில் சிறைத் தீர்ப்பைப் பற்றிய பத்தியின் மேல் விரலை வைத்தார். "நீ எழுதினதா?"

"ஆமா, மிஸ் இமோஜீன்" என்றான் விண்டன், தட்டைப் பார்த்தபடி.

அப்போது வாசல் மணி அடித்தது.

வாசலில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கருப்பினப் பெண்மணி நின்றிருந்தார். தேவாலயத்துக்குப் போடும் தொப்பியும் கையுறையும் அணிந்து, கைப்பையை இரு கையாலும் பிடித்திருந்தார்.

"மிஸ் ரவுண்ட்ரீ, என் பேரு ஒஸெல்லா மேப்ரி. உங்க சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கற பள்ளிக்கூடத்துல ரொம்ப வருஷம் சமைச்சேன். நான் உங்களைப் பார்த்திருக்கேன். நீங்க என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க."

"உள்ள வாங்க, மிசஸ் மேப்ரி. டீ எடுத்துக்கறீங்களா?"

"வேணாம், மேடம். உங்க டீயைக் குடிச்சிட்டா சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வராது."

அவர் சாப்பாட்டு அறைவரை வந்தார். உட்காரவில்லை. விண்டனைப் பார்த்துத் தலையசைத்தார். விண்டன் எழுந்து நின்றான். அவன் முகம் வெளுத்ததை இமோஜீன் கவனித்தார்.

"நாளைக்கு கோர்ட்ல ரெண்டு வார்த்தை பேச விடுங்கன்னு கேட்டேன். வக்கீலும் குடும்பத்தாரும் மட்டும்தான் பேசலாம், அதுதான் வழக்கம்னு சொல்லிட்டாங்க. சரி, குடும்பத்தையே பார்ப்போம்னு வந்தேன். என் மகன் டெல்மர் அந்தக் கவுண்டி ஜெயில்ல செத்தான், மேடம். பத்தொம்பது வயசு. பெட்ரோல் பங்க்ல ஒருத்தன் கூட வாய்ச்சண்டை. அதுக்குப் போய் உள்ள வச்சாங்க. அவனுக்கு மூச்சு இரைப்பு உண்டு. ஆகஸ்ட் மாசம், காத்து இல்லாத அறை, நெருக்கி அடைச்ச ஆளுங்க."

"மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார் இமோஜீன். "அந்த ஜெயிலைச் சரி பண்ணினது என் தம்பி."

"பண்ணினாரு. என் பையனைப் புதைச்சதுக்கு அப்புறம் பண்ணினாரு."

இமோஜீன் திரும்பி அவரை நேராகப் பார்த்தார்.

"கேஸ் அதுக்கு முந்தின வருஷமே விசாரிச்சு முடிஞ்சுது" என்றார் ஒஸெல்லா. "அப்ப என் அண்ணன் மகன் உள்ள இருந்தான், அதனால நான் கோர்ட் பெஞ்சுல உக்காந்து கேட்டேன். ஜட்ஜ் அந்த அறைக்கே போயி உக்காந்து பார்த்ததும் அந்த வருஷம்தான். பார்த்துட்டு வந்து, தீர்ப்பைப் பின்னாடி சொல்றேன்னாரு. நாங்க ஆண்டவனுக்கு நன்றி சொன்னோம். பின்னாடி பின்னாடின்னு அந்தக் கோடை போச்சு. அடுத்த கோடையும் வந்துது. அதுல என் பையன் போனான்."

"பெரிய தீர்ப்பு. யோசிச்சு எழுத நாள் ஆகும்" என்றார் இமோஜீன்.

"அப்படித்தான் நானும் இத்தனை வருஷம் மனசைத் தேத்திக்கிட்டேன். யோசிச்சாரா இல்லையான்னு இவரைக் கேளுங்க. அப்ப இவருதான் ஜட்ஜ் கூட ஆபீஸ்ல இருந்தாரு. என் பையனைப் புதைச்ச அன்னைக்கு எங்க சர்ச்சுல கடைசி வரிசையில வந்து உக்காந்திருந்த ஒரே வெள்ளைக்காரரும் இவருதான். ஏன் வந்தாருன்னு அப்பப் புரியல." அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். "கல்லுல பேரு வெட்டறதைத் தடுக்க வரல மேடம், நான். அந்தக் கூடத்துல என் பையன் பேரை ஒருத்தர் சொல்லணும். தீர்ப்பு தாமதமாச்சு, அதுக்குள்ள இவன் செத்தான்னு சொல்லணும். நாளைக்கு அங்க பேசற எல்லாத்தையும் எழுதி அச்சடிச்சு வைக்கறாங்களாமே. அதுல அவனும் இருக்கணும்."

பதிலுக்குக் காத்திராமல் அவர் வெளியே போனார். இமோஜீன் வாசல்வரை சென்று கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லு" என்றார்.

"மிஸ் இமோஜீன், ஜட்ஜோட அறைக்குள்ள நடந்ததை வெளிய பேசக் கூடாது. எங்களுக்கு அது வேதம். சாகற வரைக்கும்."

"இது வெளி இல்ல. அவன் வீடு. சொல்லு."

விண்டன் உட்கார்ந்தான். "தீர்ப்பு முதல் கோடையிலயே எழுதியாச்சு. நான் எழுதிக் குடுத்தேன், அவர் திருத்தினார். செப்டம்பர்ல அதுல மாத்தறதுக்கு ஒரு கமா இல்ல. மேசை மேல இருந்துது. கையெழுத்து மட்டும் பாக்கி."

"ஏன் போடல?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேல்முறையீட்டுக் கோர்ட்ல அப்ப ஒரு இடம் காலியா இருந்துது."

ஞாபகம் இருந்தது. அட்லாண்டாவில் எந்தத் தெருவில் வீடு பார்க்கலாம் என்று இமோஜீன் மனதுக்குள் முடிவுகூடச் செய்திருந்தார். ஊர் தள்ளிவைத்த குடும்பத்துக்கு வாஷிங்டன் ஒரு நியாயம் செய்யப்போகிறது என்று நம்பியிருந்தார். சொந்த மாநிலத்து செனட்டர் வேண்டாம் என்று சொன்னால் அந்த இடம் யாருக்கும் கிடைக்காது. அந்த செனட்டருக்கு இந்தக் கவுண்டியில் ஓட்டுச் சேர்த்துக் கொடுத்தவர், அந்த ஜெயிலை நடத்திய ஷெரீப். இதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். தெரிந்தவற்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்க்கத்தான் இத்தனை காலம் தோன்றவில்லை.

"இடம் கிடைச்ச மறுநிமிஷம் கையெழுத்துப் போடறேன்னார்" என்றான் விண்டன். "மேல போனா ஒரு ஜெயில் என்ன, மூணு மாநிலத்து ஜெயிலையும் திருத்தலாம், இப்ப அவசரப்பட்டா எல்லாம் போயிடும்னார். அவர் சொன்னா நியாயமாத்தான் இருக்கும். உங்களுக்கே தெரியும்."

"அந்தப் பையன் செத்த அன்னைக்கு?"

"பேப்பர்ல பார்த்தார். கதவைச் சாத்திக்கிட்டார். கையெழுத்துப் போட்டுடலாம் ஜட்ஜ்னு நான் உள்ள போய்ச் சொன்னேன். 'விண்டன், நீ எழுத வந்தவன், கையெழுத்துப் போட வந்தவன் இல்ல'ன்னார். அக்டோபர்ல அந்த இடம் வேற ஒருத்தருக்குப் போச்சு. அடுத்த திங்கக்கிழமை காலையில என்னைக் கூப்பிட்டார். பேனாவை எடுத்தார், கையெழுத்துப் போட்டார்."

இமோஜீன் மேசையில் கிடந்த வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தார். ஆலைக்காரனின் மிரட்டலுக்கு மசியாதவன். செத்த நாயைத் தன் கையால் தோட்டத்தில் புதைத்துவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனவன். பயத்தால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆசை அவனைச் சாய்த்துவிட்டது. பயந்து சாய்ந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. பயம் நல்ல குடும்பத்திலும் வரும்.

"நாளைக்கு இதையெல்லாம் சொல்லிடாதீங்க" என்றான் விண்டன். "மசோதா நின்னு போயிடும். வேணாம்னு சொல்ல அங்க ரெண்டு பேர் காரணம் தேடிக்கிட்டிருக்காங்க. நீங்க முப்பது வருஷம் பட்டதுக்கு இந்த ஊர் குடுக்கற ஒரே மரியாதை இது."

"இந்த ஊர் குடுக்கற மரியாதையை நம்பி எங்க குடும்பம் இருந்ததில்ல. எங்க வீட்டுக் கறையை ஊர்க்காரன் வந்து காட்டக் கூடாது. நாங்களே காட்டணும். பெயர் போனா போகட்டும், கூனி நின்னு வாங்கின பெயரா இருக்க வேணாம்." பென்சிலை எடுத்து, சிறைத் தீர்ப்பைப் பற்றிய பத்தி முழுவதையும் குறுக்கே கோடிட்டு அடித்தார். "நீ சாப்பிடு. வீணாப் போகுது."

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. வெளியூர் நீதிபதிகள் கருப்பு அங்கியோடு, ஜூரிகள் உட்காரும் ஜூரிப் பெட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் சங்கத் தலைவர் முதலில் எழுந்தார். அன்று பூட்டப்பட்ட காகித ஆலையின் முதலாளிக்குப் பேரன். "எங்க தாத்தா சாப்பாட்டு மேசையில ஜட்ஜ் ரவுண்ட்ரீயைப் பத்திப் பேசாத நாளே கிடையாது" என்றார். பின்வரிசைக் கிழவர்கள் இருவர் இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். பேசினார், பேசினார் என்று இமோஜீன் மனதில் சொல்லிக்கொண்டார். என்ன பேசினார் என்பது எங்கள் வீட்டு ஜன்னலில் வந்து விழுந்த கல்லுக்குத் தெரியும்.

விண்டன் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தான். பிறகு குடும்பத்தின் முறை. இமோஜீன் கைத்தடியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு நடந்துபோனார். ஒஸெல்லா மேப்ரி கூடத்தின் இடது ஓரம் சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டார்.

"என் தம்பியைப் பத்தி இங்க நல்லது நிறையக் கேட்டோம்" என்றார். "விட்டுப்போனது ஒண்ணு இருக்கு. சிறைத் தீர்ப்பைத் தைரியத்துக்கு அடையாளமாச் சொல்றீங்க. அந்தத் தீர்ப்பு எழுதி முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல அவன் மேசையில கையெழுத்து இல்லாமக் கிடந்துது. அவனுக்கு மேல ஒரு பதவி வரவேண்டியிருந்துது. அது கெட்டுப்போகக் கூடாதுன்னு காத்திருந்தான். அந்த நாள்ல டெல்மர் மேப்ரின்னு ஒரு பையன் அந்த ஜெயில்ல மூச்சு முட்டிச் செத்தான். என் தம்பிக்கு அது தெரியும். அப்பவும் போடல. பதவி இல்லைன்னு ஆனப்புறம்தான் போட்டான். அந்தப் பையனோட அம்மா மிசஸ் ஒஸெல்லா மேப்ரி இங்க இருக்காங்க. அவங்களுக்கு எங்க குடும்பம் தலை குனியுது. கட்டடத்துக்குப் பெயர் வைக்கறவங்க இதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்."

பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்த கோர்ட் ஊழியரின் சிறு இயந்திரம் நின்றது. சரிதான், முடிந்தது என்று இமோஜீன் நினைத்தார். நெஞ்சில் ஒரு விதமான நிம்மதிகூட வந்தது. இனி யாரும் எங்களை ஒன்றும் சொல்ல முடியாது.

தலைமை நீதிபதி ஹெலன் ஸ்ட்ரிக்லண்ட் மேடையிலிருந்து முன்னால் சாய்ந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நான் இந்த நாற்காலியில உக்காந்து எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கேன்" என்றார். "இப்படி ஒண்ணு கேட்டதில்ல. நாங்க எல்லாருமே தீர்ப்பைத் தள்ளிப் போடறவங்கதான். காரணம் எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை இந்தக் கூடத்துலயே சொல்ற நேர்மை ரவுண்ட்ரீ குடும்பத்துக்கு இருக்கு. அக்காவே இப்படின்னா தம்பி எப்படிப்பட்டவரா இருந்திருப்பார்! தன்னோட தப்போட போராடி, கடைசியில நியாயத்தின் பக்கம் வந்து சேர்ந்த மனுஷர். அவர் பெயர் வைக்க இதைவிடத் தகுதி வேற என்ன வேணும்?"

நீதிமன்றத்தில் கைதட்டக் கூடாது. அதனால் முதலில் ஜூரிப் பெட்டியிலிருந்த நீதிபதிகள் எழுந்தார்கள். பிறகு வக்கீல்கள், பிறகு கூடம் முழுவதும். மௌனமாக நின்றார்கள். ஒரு காலத்தில் தேவாலய வரிசையைக் காலி செய்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும் நின்றார்கள். சில பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். டெல்மர் மேப்ரியின் பெயரை அதன் பிறகு ஒருவரும் சொல்லவில்லை. திரை விலகியது. படத்தில் லாசன் நல்ல நீல நிறப் பின்னணியில் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி இருந்தார்.

தாழ்வாரத்தில் சிற்றுண்டி வைத்திருந்தார்கள். அந்த மசோதாவை வாஷிங்டனில் போட்ட காங்கிரஸ் சபை உறுப்பினரின் உதவியாளர், கையில் சீஸ் சாண்ட்விச்சோடு ஓடி வந்தார்.

"மிஸ் ரவுண்ட்ரீ, மேடம், என்ன ஒரு பேச்சு! இனி ஒருத்தனும் எதிர்த்து ஓட்டுப் போட மாட்டான். எதிர்க்கட்சிக்காரரே இப்ப ஃபோன்ல, 'இதுதாண்டா குடும்பம்'னு சொல்றார்."

"பெயர் வேணாம்" என்றார் இமோஜீன். "நான் குடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கறேன்."

உதவியாளர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன். அந்தக் காலத்து ஆளுங்க. கேட்டு வாங்கற பழக்கமே கிடையாது."

"நான் சொல்றது உங்களுக்குப் புரியல. வேணாம்னு சொல்றேன்."

"புரியுது மேடம், நல்லாப் புரியுது" என்று அவர் இமோஜீனின் கையைத் தன் இரு கையாலும் பிடித்தார். "நீங்க அப்படிச் சொல்றதாலதான் கண்டிப்பா வைக்கணும்."

அவரை விலக்கிக்கொண்டு இமோஜீன் ஒஸெல்லா மேப்ரியைத் தேடிப் போனார். அவர் படியருகே நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டதைச் சொல்லிட்டேன், மிசஸ் மேப்ரி."

"சொன்னீங்க, மேடம். ஒரு வார்த்தை குறைக்கல. நான் கேட்டதைவிட அதிகமாவே சொன்னீங்க." ஒஸெல்லா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "காலையில நான் உள்ள வரும்போது உங்க தம்பி தைரியசாலியா மட்டும் இருந்தாரு. இப்ப வெளிய போகும்போது மனசாட்சிக்காரராவும் ஆயிட்டாரு. உயிரோட இருந்தப்ப என் பையன் ஒருத்தருக்கும் ஒரு நல்லது பண்ண வாய்ப்புக் கிடைக்கல. செத்து உங்க குடும்பத்துக்குப் பண்ணிட்டான்."

"நான் அதுக்காகச் சொல்லல."

"தெரியும். அதுக்காகச் சொல்லியிருந்தா உங்களைத் திட்டிட்டாவது போயிருப்பேன்."

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார். இமோஜீன் ஒரு படி இறங்கிப் பின்தொடர்ந்தார். கைத்தடி உள்ளேயே இருந்தது, மேலே இறங்க முடியவில்லை. "மிசஸ் மேப்ரி!" என்று கூப்பிட்டார். ஒஸெல்லா திரும்பாமல், சாலையோரம் காத்திருந்த காரின் கதவைத் திறந்து ஏறினார்.

பின்னால் யாரோ இமோஜீனின் முழங்கையை மெல்லத் தொட்டார்கள். திரும்பினார். ஆலை முதலாளியின் பேரன், மனைவியோடு நின்றிருந்தான். அவர்களுக்குப் பின்னால் வரிசை தாழ்வாரத்தின் கடைசிவரை நீண்டிருந்தது. எல்லாரும் அவரைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

"உங்க குடும்பத்தைப் பத்தி இந்த ஊரே பெருமைப்படுது, மிஸ் இமோஜீன்" என்று அவன் கையை நீட்டினான்.

நீட்டிய கையை மறுக்க அவர் பழகியிருக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு அதைப் பற்றிக் குலுக்கினார். பிறகு அடுத்தவர் கையை. பிறகு அதற்கடுத்தவர் கையை.